தெருவில் நெல், மடியில் ஆர்மோனியம்

அக்கராயன் தெருவின் ஒரு பக்கம் முழுக்க எங்கள் நெல் காய்கிறது. காலை வெயிலில் அது மஞ்சளாய் மினுங்குகிறது. நான் மருத மர நிழலில் சாக்கை விரித்து ஆர்மோனியத்தோடு குந்தியிருக்கிறேன். இளந்தாரி வயதில் ஆரோ வாசிக்கப் பார்த்துப் பழகியது. இத்தனை வயதாகியும் பாட்டு வேகமெடுக்கும் இடத்தில் விரல் முந்தி ஓடிவிடும். போன வெள்ளி கோயில் பசனையில் பாடினவர்கள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். இன்று பின்னேரமும் பிசகினால் நேற்று வாசிக்கப் பழகின பொடியன் சுஜிதனை என் இடத்தில் இருத்திவிடுவார்கள். மோட்டார் சைக்கிளில் போகிற கிருசாந்தன், "ஐயாத்துரையண்ணை, அந்தமாதிரி!" என்று புகழ்ந்து கத்துகிறான். "அவனுக்கு நாளைக்கு என்ர உழவு மிசின் வேணுமாக்கும்," என்கிறேன். மனைவி விமலேஸ்வரி சிரித்துக்கொண்டே காலால் நெல்லைத் துழாவி நடக்கிறாள். சரக், சரக். பாட்டு வேகமெடுக்கும் அந்த இடத்துக்கு வருகிறது. நான் கட்டைகளிலிருந்து கண்ணை எடுத்து அவளுடைய காலைப் பார்க்கிறேன். அது அவசரப்படுவதில்லை. நெல் அவசரப்பட விடாது. அவளுடைய ஒவ்வொரு எட்டுக்கும் என் விரல் இரண்டு தரம் விழுகிறது, பிசகாமல், கடைசி வரைக்கும். பாட்டு முடிய அவளும் நிற்கிறாள்.

"என்ன, பிழைச்சுப் போச்சோ?"

"இல்லை. இன்னொருக்கா வாசியுங்கோ."

கலியாணம் கட்டின நாள் முதல் அவள் இப்படிக் கேட்டதில்லை. "உனக்கு இப்ப என்ன வேணும்?" என்கிறேன்.

"விசர்க் கதை கதையாமல் வாசியுங்கோ. நடக்கச் சுகமாக் கிடக்கு."

நெல்லுக்குள் ஒரு காலை வைத்துக்கொண்டு, நான் தொடங்கட்டும் என்று நிற்கிறாள்.