ரெண்டுங்கெட்டான் சீட்டு

வெலின் தன் இரண்டு சீட்டுகளையும் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு மூன்றாவது நிமிடமாக யோசித்துக்கொண்டிருந்தார். மேசையைச் சுற்றி ஏழு பேர் அவரையே முறைத்தார்கள். ஒன்பதாவது நாற்காலி காலி.

"அண்ணே, இன்னிக்குள்ள சொல்லிடுவீங்களா?" என்றார் பல் டாக்டர் கமென்.

வர்ணா நகரக் கடற்கரை ஹோட்டலில் போக்கர் போட்டி நடந்தால் சீட்டுப் போடுகிறவன் நான். பதினோரு வருஷமாக இதுதான் பிழைப்பு. ஆட்டம் தொடங்கும்போது ஆளுக்கு இரண்டு சீட்டு. இரண்டும் ஏஸ் என்றால் யோசிக்க ஒன்றுமில்லை, துணிந்து ஆடலாம். ஏழும் இரண்டும் வந்தாலும் யோசிக்க ஒன்றுமில்லை. அதைவிட மட்டம் கிடையாது, தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான். ராஜாவும் ஒன்பதும், ஜாக்கியும் எட்டும் என்று நடுவில் சில ரெண்டுங்கெட்டான் சீட்டுகள் உண்டு. அவைதான் மனுஷனைப் படுத்தி எடுக்கும். கையில் சிப் (பந்தயம் கட்டும் வில்லை, அது தீர்ந்தால் ஆள் வெளியே) எவ்வளவு, நமக்கு அடுத்துப் பேசப்போவது யார் என்று ஆயிரம் பார்க்க வேண்டும்.

அப்படி ஏதோ வந்திருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனாலும் இடித்தது. வெலின் ருஸே ஊரில் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். காலையிலிருந்து எதற்கும் இரண்டு விநாடிக்கு மேல் எடுத்துக்கொள்ளாத ஆள்.

காலி நாற்காலி ராலிட்சாவுடையது. பிளெவென் ஊரில் முடி வெட்டும் கடை வைத்திருக்கிறாள். ஐந்து மாதக் குழந்தை, மேலே நாலாவது மாடி அறையில் அவள் அக்காவிடம் இருந்தது. இடைவேளைக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும்போது போன் வந்தது.

"பிள்ளை வீல்னு கத்துதாம். பால் குடுத்துட்டு ஓடி வந்துடறேன்."

மேசையே உருகிப்போனது. கமென்தான் ரொம்ப உருகினார். "போய்ட்டு வாம்மா. பிள்ளைதான் முக்கியம். சிப்பு எங்க போயிடப்போவுது?"

போய்விடத்தான் போகும். ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சுற்றுக்கு இரண்டு தடவை கட்டாயப் பந்தயம் கட்டியாக வேண்டும். ஆள் இல்லையென்றால் அவர்கள் சிப்பிலிருந்து நானே எடுத்து வைப்பேன். ராலிட்சாவிடம் இருந்தது இரண்டு சுற்றுக்குத்தான் தாங்கும். நாற்காலிக்கு ஒன்றாகச் சுற்றுக்கு ஒன்பது, ஆக மொத்தம் பதினெட்டு ஆட்டம். அரை மணியில் நான் அவ்வளவையும் போட்டு முடித்துவிடுவேன்.

போட்டியில் மிச்சமிருந்தது முப்பத்தோரு பேர். கடைசி இருபத்தேழு பேருக்குத்தான் பரிசு. கடைசிப் பரிசே ராலிட்சாவுக்கு மூன்று மாத வரும்படி. வேறு மேசைகளில் நாலு பேர் தோற்கும்வரை அவள் சிப் தாங்க வேண்டும்.

அவள் லிஃப்ட் ஏறியிருக்கக்கூட மாட்டாள், அவளுடைய கட்டாயப் பந்தயம் வந்தது. கமென் உடனே பந்தயத்தை ஏற்றினார். காலி நாற்காலி எதிர்த்து ஆடாது, அதனிடம் பிடுங்க எந்தக் குப்பையும் போதும். சிப்பை வாரிக்கொண்டு, சீட்டைத் திருப்பிக் காட்டி வேறு சிரித்தார். ஜாக்கியும் நாலும்.

"பாவம்தான். ஆனா ஆட்டம்னா ஆட்டம்தானே."

ராலிட்சா எழுந்து போனபோது வெலின் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை. அடுத்த ஆட்டத்திலிருந்து யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

ஒவ்வொரு ஆட்டத்திலும் இதே கதை. கமென் நடுவரைக் கூப்பிட்டார். நடுவர் வந்து ஒரு நிமிடம் கெடு வைத்தால், ஐம்பத்தொன்பதாவது விநாடி வரை உட்கார்ந்திருந்துவிட்டு வெலின் சீட்டைத் தள்ளிவிடுவார்.

ஐந்தாவது ஆட்டத்தில் அவர் தள்ளிவிட்ட சீட்டுகளை நான் வாரும்போது, முனை மடங்கி எனக்கு மட்டும் தெரிந்தது. ஏழு. இரண்டு.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இந்தச் சீட்டுக்கு நாலு நிமிடமா? தூக்கிப் போட்ட சீட்டைப் பற்றி நாங்கள் மூச்சு விடக்கூடாது என்பது விதி. விடவில்லை. ஆனால் மண்டை குடைந்தது. இந்த மனுஷனுக்கு மூளை பிசகிவிட்டதா, இல்லை வேண்டுமென்றே எல்லாரையும் வெறுப்பேற்றுகிறாரா?

எட்டாவது ஆட்டத்தில் நடுவருக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு முழுச் சுற்று வெலின் ஆடக்கூடாது, அவருடைய கட்டாயப் பந்தயம் மட்டும் போய்க்கொண்டிருக்கும் என்று தண்டனை கொடுத்தார். வெலின் எழுந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

அந்த நேரம் பார்த்து ராலிட்சா மூச்சிரைக்க ஓடி வந்தாள். போய் இருபத்தாறு நிமிடம் ஆகியிருந்தது, ஆட்டம் எட்டுதான் ஆகியிருந்தது. பாதிச் சிப் அப்படியே இருந்ததை நம்ப முடியாமல் எண்ணிப் பார்த்தாள். கமென் நடந்ததையெல்லாம் ஒன்றுக்கு இரண்டாக ஏற்றிச் சொன்னார். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏன் சார், உங்களுக்கு மனசாட்சியே கிடையாதா? அவங்கவங்க ஆயிரம் வேலையப் போட்டுட்டு வந்து உக்காந்திருக்கோம்."

"தப்புதாம்மா" என்றார் வெலின்.

தண்டனை முடிந்து உட்கார்ந்ததும் பழைய வேகம் வந்துவிட்டது, இரண்டே விநாடி. ஆனால் சிப் கரைந்திருந்தது. இருபத்தொன்பதாவது ஆளாக வெளியே போனார், பரிசுக்கு இரண்டே இடம் முன்னால். கமென் கை தட்டினார். கொஞ்ச நேரத்தில் ராலிட்சா பரிசுக்குள் வந்துவிட்டாள்.

இடைவேளையில் வாசலுக்குப் போனேன். வெலின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சூரியகாந்தி விதை கொறித்தபடி பஸ்ஸுக்கு நின்றிருந்தார். எனக்கு அடக்க முடியவில்லை.

"ஆட்டம்தான் முடிஞ்சிடுச்சே, சொல்லுங்கண்ணே. ஏழும் ரெண்டும். அதுக்கு எதுக்கு நாலு நிமிஷம்?"

மாட்டிக்கொண்ட மாதிரி சிரித்தார். விதைத் தோலைத் துப்பினார்.

"எனக்குப் பிள்ளைகுட்டி இல்ல தம்பி. ஒரு குழந்தை பால் குடிச்சு முடிக்க எவ்வளவு நேரம் ஆகும்னு தெரியல. அதான், குத்துமதிப்பா யோசிச்சேன்."