வெயில் விழுந்த புல்தரை

புல்தரையின் ஓரத்தில் பதினெட்டுப் பேர் மண்வெட்டியோடு நின்றோம்.

தோட்டம் முழுக்க ரப்பர் மர நிழல். நிழலில் கிழங்கு விளையாது. வெயில் விழுகிற இடம் இது ஒன்றுதான், வெள்ளைக்காரத் துரை பங்களாவின் முன்புறம்.

துரை காரேறித் தெற்கே ஓடி நாலு மாதம். ஜப்பான்காரன் மலாயாவுக்குள் வந்துவிட்டான். பீடோங் கடைகளில் அரிசி இல்லை. ராக்காயியின் மகளுக்குப் பசியில் கால் வீங்கிவிட்டது.

அப்படியும் யாருக்கும் காலெடுத்து வைக்க வரவில்லை.

இந்தப் புல்லை மிதித்ததற்காக இருளப்பன் குடும்பத்தை ஒரே பகலில் லயத்து வீட்டைவிட்டு விரட்டியது தோட்டக் கம்பெனி. அது எங்கேயோ கடலுக்கு அப்பால் இருந்தது. முனியாண்டி சாமியைப் போல, கண்ணால் பார்க்காமலே அதற்குப் பயந்தோம்.

குழாயடியில் ஒருவர் பின் ஒருவராகக் காலைக் கழுவினோம், கோயிலுக்குள் போகிறவர்கள் மாதிரி.

ராக்காயி சிரித்துவிட்டாள். "மண்ணு கொத்த வந்துட்டு எதுக்குய்யா காலு கழுவுறீங்க?"

அவள்தான் முதலில் ஏறினாள். ஓங்கி ஒரு வெட்டு. புல் பாயாகச் சுருண்டது. அடியில் கறுப்பு மண்.

அதற்குப் பிறகு யாரும் நிற்கவில்லை.

தோட்டத்துக் கணக்கெழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணி துரைசிங்கம் ஆபீசிலிருந்து ஓடி வந்தார். கம்பெனியின் சாவிக்கொத்து இன்னும் அவர் இடுப்பில்தான்.

"கொம்பனி திரும்பி வரும். ஆர் செய்தது எண்டு என்னட்டத்தான் கேக்கும். பேரைச் சொல்லுங்கோ!"

நோட்டை விரித்தார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் எங்களை வரிசையில் நிறுத்தி நம்பர் சொல்லித்தான் கூப்பிடுவார். பெயர் கேட்டது அன்றைக்குத்தான்.

"ராக்காயி. நல்லா அழுத்தி எழுதுங்க ஐயா," என்றாள் அவள், குனிந்த தலை நிமிராமல்.

காளியம்மா. சின்னையா. குழந்தைவேலு. மண்வெட்டி விழ விழப் பெயர்கள் வந்தன. நானும் தொண்டை கிழியச் சொன்னேன். என் பெயர் அவ்வளவு சத்தமாக இருக்கும் என்று எனக்கே தெரியாது.

உச்சி வெயிலுக்குள் பாதிப் புல்தரை போய்விட்டது. வரிசை வரிசையாக மரவள்ளிக் குச்சிகள்.

தண்ணீர் குடிக்கப் போனேன். பங்களாப் படியில் அந்த நோட்டு திறந்தபடி கிடந்தது.

எனக்கு அப்போது எழுத்துத் தெரியாது. பதினெட்டுப் பெயர் இருக்கவேண்டிய பக்கம் வெறுமையாக இருந்தது மட்டும் தெரிந்தது.

அடியில் ஒரே ஒரு கையெழுத்து. எங்கள் வேலைச் சீட்டுகளில் வருஷக்கணக்காக நாங்கள் பார்த்த, கிராணியின் அந்தக் கோணல் கையெழுத்து.