தலையணையில் எடுத்த முடி

புது மைக்ராஸ்கோப்பைச் சோதிக்க நமக்கு நன்றாகத் தெரிந்த சாம்பிளைத்தான் வைக்க வேண்டும். அதனால் காலையில் என் தலையணையில் கிடந்த இரண்டு முடிகளைப் பல்கலைக்கழக ஆய்வகத்துக்கு எடுத்துப்போனேன்.

கருவியைப் பொருத்த வந்த கம்பெனி இன்ஜினியர் முடிகளில் சாயம் விட்டுத் திரையைப் பார்த்தார்.

“ரெண்டும் வேற வேற ஆளோட முடி. இந்தத் தடிமனான முடி சாரோடதா மேடம்?”

“நான் தனியாத்தான் இருக்கேன். எப்பவோ ஒட்டின பழைய முடியா இருக்கும்.”

“இல்லையே. வேர் பச்சையா மின்னுது பாருங்க. செல் உயிரோட இருந்தாத்தான் இப்படி மின்னும். இன்னிக்கு விழுந்ததுதான்.”

கருவி அருமை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வழியில் ஒரு தலையணை வாங்கினேன், கொஞ்சம் மெத்தென்று இருப்பதாகப் பார்த்து.

“ஒண்ணு போதுமா?” என்றார் கடைக்காரர்.

“போதும். என்னோடது வீட்ல இருக்கு.”