இருபத்துமூன்றாவது வீடு

"மெதுவா பேசுங்க டீச்சர்."

தச்சர் கதவை ஒரு சாண் அளவுக்குத்தான் திறந்திருந்தார். அந்தச் சந்தில் பாதி முகமும், மரத்தூள் படிந்த ஒரு தோளும் தெரிந்தன.

பெரிய டீச்சருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"நான் எதுக்கு மெதுவா பேசணும்? ஆறு வருஷமா கோயில் பக்கமே தலைவச்சுப் படுக்காதது நீயா, நானா?"

டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஏழு வருடம் ஆகிறது. ஆனால் பள்ளிக்கூடம் அவரை விட்டுப் போகவில்லை. புதிதாக வந்த ஃபாதர் சொன்னது சின்ன வேலைதான். "கோயிலுக்கு வராம நின்னுட்டவங்க வீட்டுக்குப் போங்கம்மா, அன்பா கூப்பிடுங்க, அவ்வளவுதான்." டீச்சர் அதற்கு ஒரு படிவம் தயாரித்து, கட்டம் போட்டு, சிவப்புப் பேனாவும் வாங்கிவிட்டார். கடைசியாகப் பூசைக்கு வந்தது எப்போது? வராததற்குக் காரணம்? கையெழுத்து.

நாலு வாரத்தில் இருபத்திரண்டு வீடுகளை முடித்தாயிற்று. பாக்கி இது ஒன்றுதான். ஞாயிறு பூசை முடிந்த கையோடு, வெயிலைக்கூடப் பார்க்காமல் வந்திருந்தார். வந்தவரை உள்ளே வா என்று சொல்ல இங்கே ஆள் இல்லை.

"காரணத்தைச் சொல்லிட்டு ஒரு கையெழுத்துப் போடு, நான் போயிட்டே இருக்கேன்."

"அப்பவே கோயிலுக்கு வந்து சொல்லிட்டேன் டீச்சர். இனிமே சொல்றதுக்கு ஒண்ணுமில்லை."

"யார்கிட்ட சொன்னே?"

தச்சர் திரும்பித் திரும்பி வீட்டுக்குள் பார்த்துக்கொண்டார்.

உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் கேட்டது. "யாருங்க வந்திருக்கிறது?"

"மரக்கடை ஆளும்மா! இதோ அனுப்பிட்டு வர்றேன்."

டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோயிலிலிருந்து வந்தவரை மரக்கடை ஆள் என்று கூசாமல் பொய் சொல்கிறான்! இவன் மனைவி ஒரு காலத்தில் பாட்டுக் குழுவில் முதல் வரிசையில் நின்று பாடியவள். ஒரு ஞாயிறுகூடத் தவறாதவள். இப்போது விஷயம் விளங்கிவிட்டது. இவன் வராதது போதாதென்று அவளையும் அடைத்து வைத்திருக்கிறான்.

"உன் பொண்டாட்டியைக் கூப்பிடு. நான் அவகிட்டயே பேசிக்கிறேன்."

"வேண்டாம் டீச்சர்."

"அப்போ ஒண்ணு கேட்டுக்கோ. கோயில் பதிவேடு என் கையிலதான் இருக்கு. குடும்பப் பேரை அடிச்சேன்னா, நாளைக்கு வீட்டுல ஒண்ணுன்னா கல்லறைத் தோட்டத்துல இடம் கேட்டு வந்து நிக்கக் கூடாது!"

தச்சரின் முகம் வெளிறிப்போனது. இரண்டு கையும் கூப்பினார்.

"கும்பிட்டுக் கேக்கறேன். அந்தப் பேச்சு மட்டும் அவ காதுல விழ வேண்டாம்."

கும்பிடுவதற்காக அவர் கதவிலிருந்து கையை எடுத்தது டீச்சருக்கு வசதியாகப் போயிற்று. தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்துவிட்டார்.

முன்னறையில் பட்டறை. இழைப்புளியைத் தாண்டி, மரச் சுருள்களை மிதித்துக்கொண்டு, அடுத்த அறை வாசலுக்குப் போனவர் அப்படியே நின்றார்.

ஜன்னலோரம் கட்டில். அதில் அவள். இடுப்புக்குக் கீழே போர்வை அசைவில்லாமல் கிடந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் சின்ன மேஜை, அதன் மேல் துவைத்து மடிப்புக் கலையாத வெள்ளைத் துணி, ஒரு மெழுகுவர்த்தி. அதன் திரி ஒரு தடவைகூடக் கருகியிருக்கவில்லை. மேஜைக்கு எதிரே, பளபளவென்று துடைத்து வைத்த ஒரு நாற்காலி.

டீச்சரைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. அவசர அவசரமாக முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டாள். கண் டீச்சரின் கைப்பையில் நின்றது.

"டீச்சர்! நற்கருணை கொண்டு வந்திருக்கீங்களா?"

பூசையில் தரும் அந்த அப்பம் பையில் இல்லை; இருந்தது படிவமும் சிவப்புப் பேனாவும்.

அப்போதுதான் டீச்சருக்கு ஞாபகம் வந்தது. ஆறு வருடத்துக்கு முன்னால், கோயில் வாசலில், இதே தச்சர். "மாடியிலேர்ந்து விழுந்துட்டா டீச்சர். எழுந்திரிக்க முடியல, தனியா விட்டுட்டு வரவும் முடியல. வீட்டுக்கு நற்கருணை கொண்டு வருவீங்களா?" கோயில் திருவிழா வேலையில் பறந்துகொண்டிருந்த டீச்சர் நின்றுகூடக் கேட்கவில்லை. "ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் ஃபாதரைக் கூட்டிட்டு வர்றேன், போ."

டீச்சருக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது. பையை மார்போடு சேர்த்து அழுத்திக்கொண்டார். திரும்பித் தச்சரைப் பார்த்தார். அவர் கண்கள் இன்னும் கெஞ்சிக்கொண்டிருந்தன, எதற்காக வந்தீர்கள் என்று அவளிடம் சொல்லிவிடாதீர்கள் என்று.

"ஃபாதரே கொண்டு வருவாரும்மா," என்றார் டீச்சர். "இன்னிக்கே. நான் போய்க் கூட்டிட்டு வர்றேன்."

"முதல்ல உக்காருங்க டீச்சர். உங்களுக்குன்னு இவர் செஞ்ச நாற்காலிதான். ஞாயிறு தவறாமத் துடைச்சு வைப்பார். நான்தான் அப்பப்போ குறைப்படுவேன், டீச்சர் நம்மள மறந்துட்டாங்களோன்னு. இவர் விடவே மாட்டார். 'டீச்சர் மறக்கிற ஆளா? முடியாதவங்க ஊர்ல எத்தனை பேர் இருக்காங்க, எல்லா வீட்டையும் பார்த்துட்டு நம்ம வீட்டுக்கு வருவாங்க'ன்னு சொல்லிட்டே இருப்பார்."

டீச்சர் அந்த நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

"எல்லா வீடும் முடிஞ்சுதா டீச்சர்?"

"இல்லம்மா," என்றார் டீச்சர். "இப்பத்தான் முதல் வீட்டுக்கே வந்திருக்கேன்."