அசையாத தலை

கணினி நிரல் எழுதப் புதிதாகப் பழகுகிறவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்ப்பதுதான் வேதமுத்துவின் மருமகள் எஸ்தரின் ஆராய்ச்சி. பார்க்கும்போது அவள் தலைகூட அசைக்கக் கூடாது; அசைத்தால் விடையைக் காட்டிக்கொடுத்தது போலாகிவிடும். அன்று, "நம்ம குடும்பத்துல எவனும் எதுக்கும் திணறினதில்ல" என்று அவளுடைய மாணவர்கள் முன்னால் வீறாப்பாகக் கணினி முன் உட்கார்ந்த வேதமுத்து, மூன்றாவது வரியிலேயே திணறினார். "இது சரிதானேம்மா?" என்று அவளைப் பார்த்தார். வீட்டில் அவர் இருமினாலே வெந்நீரோடு வருகிறவள் கல்லாக இருந்தாள். கடைசிவரை அவருக்கு நிரல் வரவில்லை.

வெளியே வந்ததும், கூட வந்திருந்த அவர் தம்பி ஞானராஜ் சிரித்தார். "சொந்த மாமனாருக்கு லேசாத் தலைய ஆட்டியிருக்கலாம்லா, அண்ணாச்சி?"

"ஆட்டியிருந்தா அவ என் வீட்டு மருமகளே கிடையாதுடே," என்றார் வேதமுத்து, முதுகு வளையாமல்.

சாயங்காலம் வீட்டில் அவர் இருமினார். எஸ்தர் வெந்நீர் கொண்டுவந்தாள். எந்நாளும் உட்கார்ந்தபடியே கை நீட்டுகிறவர், எழுந்து நின்று வாங்கிக்கொண்டார்.