வெள்ளைப் பக்கத்தில் வெள்ளை எழுத்து

ஜெயராஜா, அவர் மனைவி மக்டலின், அவர்களது விடுதிக்கு இணையத்தளம் செய்யும் அவளது அண்ணன் மகன் அன்ரோ ஆகிய மூவர்தான் கல்லடி வீட்டு விறாந்தையில் இருக்கிறார்கள். போர் ஓய்ந்து பயணிகள் வரத் தொடங்கிய காலம். வாவியில் பட்டுத் தெறிக்கும் வெயில் கணினித் திரையில் நெளிகிறது. "சுனாமி எண்டு வெள்ளைப் பக்கத்தில வெள்ளை எழுத்தால அம்பது தரம் ஒளிச்சு வெச்சா, இணையத்தில தேடுறாக்களுக்கு நம்மட விடுதிதான் முதல்ல வரும், மாமா." மக்டலினின் விரல்கள் கழுத்துச் சிலுவையைப் பற்றுகின்றன. அவர்களது மகளை அலை கொண்டுபோனது இந்த முற்றத்திலிருந்துதான். ஜெயராஜாவின் முதுகு நிமிர்கிறது. "எங்கட புள்ளயக் காட்டி ஆள் பிடிக்கிறல்ல, மனே. அறை, சாப்பாடு, வாற வழி, அத வடிவா எழுது." "அப்ப கடைசியிலதான் நிப்பம்." "நிண்டாலும் நிமிந்து நிப்பம்." முன்பே எழுதி வைத்திருந்த அந்தச் சொற்களை அன்ரோவின் விரல் ஒவ்வொன்றாக அழிக்கிறது. அந்த விடுதி இன்று முதலில் வருவது சுனாமியைச் சொல்லித்தான் என்று ஊரில் ஒரு கதை உலாவுகிறது. அது பொய். அந்தப் பக்கத்தில் அந்தச் சொல்லே இல்லை; தேடுபவர்களுக்கு வேண்டிய அறை, சாப்பாடு, வரும் வழிதான் தெளிவாக இருக்கின்றன.