அரை மாத்திரை

ர்ர்ர்ர்...

மாடிக் குளியலறைக்குள்ளிருந்து வந்தது அந்தச் சத்தம். டப்பாவுக்குள் அகப்பட்ட வண்டு போல ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது.

டிசம்பர் மாதத்து லேவார்டன், நெதர்லாந்தின் வடக்கு நகரம். சாயங்காலக் காபிக்கு முன்பே வெளியே கும்மிருட்டு. கீழே உறவெல்லாம் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்திருக்க, பிறந்தநாள்காரி நீன்கா மட்டும் மாடியில்!

அலீட் கதவைத் தட்டினாள். சத்தம் சட்டென்று நின்றது.

"யாரு?"

"உன் ஓரகத்திதான். மகாராணிக்கு இன்னும் அலங்காரம் முடியலையா?"

நீன்கா அவசரமாக வெளியே வந்தாள். அந்தக் கூந்தல்! தேன் நிறத்தில், தோளை நிறைத்து, இடது கன்னத்தை மறைத்து ஒய்யாரமாக வழிந்தது.

அலீட்டுக்கு வயிறு எரிந்தது.

இருவருக்கும் ஒரே மாதத்தில்தான் குழந்தை பிறந்தது. பிள்ளைகளுக்கு ஒரு வயதும் முடிந்துவிட்டது. பிரசவத்துக்குப் பிறகு இருவருக்குமே முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. அலீட்டின் வகிடு இன்னமும் அகன்றுகொண்டே போகிறது. இவளுக்கு மட்டும் எப்படி?

"ஒளிக்காம சொல்லு நீன்கா. தலைக்கு என்ன தடவறே?"

"ஒண்ணும் தடவலையே."

"சொன்னா உனக்குக் கொட்டிடுமோ?"

"கீழே வா அலீட், எல்லாரும் காத்திருக்காங்க."

கீழே போனால் இன்னும் மோசம். பிறந்தநாள்காரிக்கு மட்டும் வாழ்த்துச் சொன்னால் அந்த வட்டத்துக்குப் போதாது; அந்த ஊர் வழக்கப்படி ஒவ்வொருவரும் ஒவ்வொருவருக்கும் கை கொடுத்து வாழ்த்த வேண்டும். ட்ரூஸ் அத்தை அலீட்டின் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

"உன் ஓரகத்தி பிறந்தநாளுக்கு வாழ்த்துகள் அலீட்! அவளோட கூந்தலுக்கும் சேர்த்து வாழ்த்துகள்! எப்படின்னு நீயும் கேட்டுத் தெரிஞ்சுக்கறதுதானே?"

வட்டமே சிரித்தது.

அலீட் மகள் ஃபென்னாவை மார்போடு அணைத்துப் பால் கொடுக்க உட்கார்ந்தாள். எதிரே நீன்கா தன் மகனுக்குப் புட்டியை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஏது அத்தை நேரம்? நான் பிள்ளைக்குப் பால் குடுக்கிறவ. அழகு போயிடுமேன்னு புட்டியைத் திணிக்கிறவங்கதான் கூந்தல் வளர்க்கலாம்!" என்றாள் அலீட்.

நீன்கா நிமிர்ந்தாள். ஃபென்னாவையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

நல்லா சுருக்குன்னு பட்டிருக்கும், படட்டும் என்று நினைத்தாள் அலீட்.

பால் குடித்து முடித்த ஃபென்னாவைக் கணவனிடம் கொடுத்துவிட்டு, யாரும் கவனிக்காதபோது மறுபடி மாடியேறினாள். குளியலறைக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அலமாரியைத் திறந்தாள்.

ஒரு மாத்திரை அட்டை. பக்கத்தில், முட்டை வைக்கும் சின்னக் கிண்ணத்தில் இரண்டாக வெட்டிய மாத்திரைகள். மருந்தின் பெயர் அவளுக்குத் தெரிந்ததுதான். தூக்கம் வராத இரவுகளில் முடிக்கு வைத்தியம் தேடித் தேடிப் படித்தபோது அடிக்கடி கண்ணில் பட்ட பெயர்.

'அவளுக்கு அரை போதும். என் தலை இருக்கிற லட்சணத்துக்கு முழுசே வேணும்.'

அட்டையிலிருந்து ஒன்றைப் பிதுக்கி நாக்கில் வைத்தாள்.

கதவு திறந்தது. நீன்கா!

"துப்பு! அலீட், துப்புடி!"

கழுத்தைப் பிடித்துத் தொட்டியின் பக்கம் குனிய வைத்தாள். மாத்திரை 'டிக்' என்று பீங்கானில் விழுந்தது.

"ஒரு மாத்திரைக்கா இவ்வளவு கஞ்சத்தனம்?" அலீட் சீறினாள். "நீ ஒருத்திதான் அழகா இருக்கணுமா?"

"பைத்தியமே, நீ பால் குடுக்கிறவ! இது பாலோட சேர்ந்து ஃபென்னா உடம்புக்குள்ள போகும்."

அலீட் தொட்டியில் கிடந்த மாத்திரையைப் பார்த்தாள். "ஐயோ... என் குழந்தைக்கு..."

"முழுங்கலை இல்ல? அப்போ ஒண்ணும் ஆகாது. வாயை நல்லாக் கொப்பளி."

அவள் கொப்பளித்து முடிக்கும்வரை நீன்கா முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"அதுலயும் முழு மாத்திரை! நான் முழுசு சாப்பிட்டப்போ கால் ரெண்டும் பன்னு மாதிரி வீங்கிப் போச்சு. சும்மா உட்கார்ந்திருந்தாலே நெஞ்சு படபடன்னு அடிச்சுது. கால் மாத்திரையாக் குறைச்சா முடி மறுபடி கொட்டுது. கடைசியில டாக்டர் அரையில நிறுத்தினார். அந்த அரைக்கும் கூலி இருக்கு, பாரு."

இடது கன்னத்து முடியை ஒதுக்கினாள். வலது கன்னம் மழமழவென்று இருந்தது. இடது கன்னம் முழுக்கப் பூனைமயிர், தாடை வரைக்கும்.

"மெஷினால பாதிதான் மழிச்சிருந்தேன். நீ கதவைத் தட்டிட்டே."

அலீட்டுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. "இவ்வளவு பாடு பட்டு... எதுக்கு நீன்கா?"

"பால் குடுக்கிற அம்மாக்களுக்கு இது கூடாது, உங்களுக்குத் தடையே இல்லைன்னார் டாக்டர். ஏதோ நல்ல சேதி சொல்ற மாதிரி." நீன்கா மாத்திரை அட்டையை அலமாரிக்குள் வைத்தாள். "எனக்கு ஒரு சொட்டுப் பால் வரலை அலீட். என்னென்னவோ பண்ணிப் பார்த்தேன். முடியாவது மிஞ்சட்டும்னுதான் இது. அந்த வட்டத்துல எல்லாரும் என் முடியைப் பார்ப்பாங்க. நான் உன் மடியைத்தான் பார்த்துட்டு இருப்பேன்."

மாடிப்படியில் தொம் தொம்மென்று காலடிச் சத்தம்.

"நீன்கா! கேக் வெட்ட வாடி!" ட்ரூஸ் அத்தையின் குரல். "மேலே என்னதான் பண்றே?"

நீன்கா பதறிப்போய்க் கன்னத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

"வராதீங்க அத்தை!" அலீட் வீடே கேட்கக் கத்தினாள். "என் தலை வழுக்கையாகிட்டு வருது, அதைத்தான் நீன்காகிட்டக் காட்டிட்டு இருக்கேன். கொஞ்சம் நேரமாகும்!"

சொல்லிக்கொண்டே தாழ்ப்பாளை உள்ளிருந்து இழுத்துப் போட்டாள்.